வரைபடத்தில் ஒரு பொட்டு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கருத்தரங்கில் நெறியாளராக அமர்பவருக்குப் பேசும் வாய்ப்பு அரிது. கடிகாரத்தைப் பார்த்து மற்றவர்களை நிறுத்துவதே எங்கள் வேலை. இம்முறை தலைப்பு பேரிடர் என்பதால், "உங்கள் குடும்பமும் வெள்ளத்தில் மாட்டியதுதானே, பத்து நிமிடம் நீங்களே பேசுங்கள்" என்று தயாரிப்பாளர் இடம் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாள் தொடங்கிய மழை விடவேயில்லை. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் என் அத்தை வீட்டில் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர். அத்தை, மாமா, 11 வயதுப் பேரன் மூவரும் மாடியில் இருந்தார்கள். படகு வைத்திருந்த தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்து வீட்டு எண்ணைச் சொன்னேன், ஜாலான் பெயரையும் சொன்னேன். அவர்கள் போனார்கள். ஆனால் மின்சாரம் இல்லை, ஒரே இருட்டு. சாலையின் பெயர்ப்பலகை தண்ணீருக்கு அடியில் கிடந்தது. டெரஸ் வீடுகளின் கூரையோ எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இரண்டு சாலை தள்ளித் தேடிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

விடிந்த பிறகு அந்தப் பையன்தான் கைப்பேசியில் தாங்கள் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் வழியாக எனக்கு அனுப்பினான். பேட்டரி எட்டு விழுக்காடு இருந்ததாம். வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதை அப்படியே படகுக்காரர்களுக்கு அனுப்பி வைத்தேன். நண்பகலுக்குள் மூவரும் கரை சேர்ந்தார்கள். "பேரன் அனுப்பிய பொட்டு" என்றுதான் அத்தை இன்றும் அதைச் சொல்கிறார்.

அந்தப் பொட்டு உண்மையில் இரண்டு எண்கள். ஒன்று பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்று காட்டும் அட்சரேகை. மற்றது எவ்வளவு கிழக்கே என்று காட்டும் தீர்க்கரேகை. அத்தை வீட்டுக்கு முதல் எண் 3.0 என்றும் இரண்டாவது 101.5 என்றும் ஆரம்பிக்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை சொன்னால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். அது இரண்டு டெரஸ் வீட்டின் அகலம் கூட இராது. பெயர்ப்பலகை மூழ்கினாலும் இந்த எண்கள் மூழ்குவதில்லை.

இப்படிப்பட்ட ஆயிரமாயிரம் பொட்டுகளை மற்ற தகவல்களோடு சேர்த்து வைத்துக் கேள்வி கேட்கும் முறையைத்தான் புவியியல் தகவல் முறை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., என்கிறார்கள். பள்ளியில் டிரேசிங் தாள் வைத்து மலேசிய வரைபடம் வரைந்தது நினைவிருக்கும். ஒரு தாளில் ஆறுகள், அடுத்ததில் நிலத்தின் மேடு பள்ளம், இன்னொன்றில் சாலைகள், அதற்கு மேல் வீடுகள், பள்ளிகள், கிளினிக்குகள் என்று வரைந்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது கேளுங்கள்: ஆறு இரண்டு மீட்டர் உயர்ந்தால் முதலில் எந்தச் சாலை துண்டிக்கப்படும்? மக்களைக் கொண்டுபோய் வைக்கும் நிவாரண மையம் அப்போது தரையில் இருக்குமா, தண்ணீரில் இருக்குமா?

கடைசிக் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. 2014 டிசம்பரில் கிளந்தான், மானெக் உராயில் நிவாரண மையமாக இருந்த பள்ளிக்கூடமே வெள்ளத்தில் மூழ்கியது. அடைக்கலம் தேடி வந்தவர்கள் மேல்மாடிக்கு ஏறினார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா அதற்கு அடுத்த ஆண்டுதான் தோற்றுவிக்கப்பட்டது.

வரைபடமே இல்லாத ஊரில் பேரிடர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைத்தி நாட்டைச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 12-ஆம் தேதி அங்கே 7.0 அளவிலான நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஓப்பன் ஸ்திரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் அந்த நகரம் ஏறக்குறைய வெறும் தாளாகவே இருந்தது. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் துணைக்கோளப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சாலைகளை வரைந்தார்கள். இடிந்த கட்டடங்களையும் கூடார முகாம்களையும் குறித்தார்கள். சில நாட்களிலேயே சந்து பொந்தெல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டது. மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள்.

என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த கட்டம். உதவி வேண்டுவோர் 4636 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று அங்கே அறிவித்தார்கள். செய்திகள் வந்து குவிந்தன, ஆனால் கிரியோல் மொழியில். 'தேவாலயத்துக்குப் பின்னால்', 'சந்தைக்குப் போகும் மேட்டில்' என்பது போன்ற அடையாளத்தை எந்தக் கணினி கண்டுபிடிக்கும்? வெளிநாடுகளில் வாழும் ஹைத்தியர்கள்தான் இரவு பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்து, எந்தத் தேவாலயம், எந்த மேடு என்று வரைபடத்தில் இடம் காட்டினார்கள். கென்யாவில் 2008-இல் உருவான உஷாஹிடி என்ற மென்பொருள் அந்தச் செய்திகளைப் பொட்டுகளாக மாற்றியது. கணினியும் ஊர்க்காரரும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

துணைக்கோளம் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மழைக்காலத்தில் சாதாரணப் படக்கருவிக்கு மேகம்தான் தெரியும். ரேடார் துணைக்கோளம் மேகத்தை ஊடுருவும். அதன் படத்தில் அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் இது நன்றாகவே பலிக்கிறது. நெருக்கமாக வீடுகள் இருக்கும் தாமான்களில் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் குழப்பிவிடுகின்றன. அது மட்டுமின்றி, துணைக்கோளம் நம் ஊரின் மேல் எந்நேரமும் நிற்பதில்லை. தன் முறை வரும்போதுதான் கடந்து செல்லும். எனவே 2021-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிதும் கைகொடுத்தது மக்கள் கொடுத்த தகவலே. அவ்வாண்டு வெள்ளைக்கொடி இயக்கத்தின்போது இளைஞர்கள் தொடங்கிய இணைய வரைபடம் அந்த டிசம்பர் வெள்ளத்திற்கும் பயன்பட்டது. அப்படியும் நாடு முழுவதும் 54 உயிர்களை இழந்தோம். சேதம் 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

இனி நம் வீட்டு விஷயத்திற்கு வருகிறேன். கருத்தரங்கு முடிந்ததும் பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எங்க தோட்டத்துக்கு ரோட்டுப் பேரே கிடையாது. லயத்து வீட்டுக்கு நம்பரும் அழிஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ்காரன் கேட்டா, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பழைய ஸ்டோருக்கு எதிர்க்கன்னுதான் சொல்றோம். அவனுக்குக் கோயிலும் தெரியாது, ஸ்டோரும் தெரியாது" என்றார். ஹைத்தியின் தேவாலயத்தையும் சந்தை மேட்டையும் நான் மேடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதை வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

செம்பனைக்குள் மறைந்திருக்கும் லயங்களும், ஆற்றோரக் கம்பத்து வீடுகளும், புறம்போக்குக் குடியிருப்புகளும் வரைபடத்தில் பல நேரம் வெறும் பச்சை நிறம்தான். அங்கே மனிதர் இருப்பது தெரியாவிட்டால் கணினியின் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். படகும் அந்தப் பக்கம் திரும்பாது. இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கைப்பேசி வைத்திருக்கும் நாலு பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தைச் சுற்றி நடந்தால் போதும். கோயில், பழைய ஸ்டோர், லயங்கள், மழையில் முதலில் மூழ்கும் சிறு பாலம், லோரி நுழைய முடியாத வளைவு ஆகியவற்றை ஓப்பன் ஸ்திரீட் மேப்பில் அவர்களே இலவசமாகக் குறிக்கலாம். அதன் படி ஒன்றை இந்திய சமூகத் தலைவர் அல்லது கம்பத் தலைவர் வழியாக மாவட்ட அலுவலகத்துக்கும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுத்து வைக்கலாம். படுக்கையில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர் யார் யார் என்பதை மட்டும் பொது வரைபடத்தில் போட வேண்டாம். அது திருடனுக்கும் வழி காட்டும். அந்தப் பட்டியல் தலைவரின் கையில் இருக்கட்டும்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இணையத்தளத்தில் ஆற்றின் நீர்மட்டம் வழக்கநிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளில் காட்டப்படுகிறது. உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அளவுமானி எது என்று தண்ணீர் இல்லாத நாளில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை வீட்டில் இப்போது மாடிப்படியின் உச்சியில், முருகன் நாட்காட்டிக்குப் பக்கத்தில், அந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒட்டலாமே என்று கேட்டேன். "கீழே ஒட்டினால் அதுவும்தானே முங்கிடும்" என்றார் மாமா.