கோரமங்கலாவில் தேய்த்த கண்ணாடி காவலூர் மலையில் வானம் பார்க்கிறது!

வியாழக்கிழமை என்றால் விவேக் நகரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. குழந்தை ஏசு கோவிலுக்கு மெழுகுவர்த்தியும் பூமாலையுமாக ஜனங்கள் வந்தபடி இருப்பார்கள். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா என்று பக்கத்துப் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்கள் அதில் ஏராளம். ஷிப்டு முடிந்து நேராக வருகிறவர் உண்டு. ஆபீஸ் பையோடு வருகிற குமாஸ்தாவும் உண்டு.

வியாழன் என்பது கிழமையின் பெயர் மட்டும் அல்ல. சூரியனைச் சுற்றும் கிரகங்களில் எல்லாம் பெரிய கிரகத்தின் பெயரும் அதுதான்.

அந்த வியாழ கிரகத்துக்குப் பல சந்திரன்கள். அவற்றில் பெரியதைப் பற்றி 1972-ம் ஆண்டு ஒரு புதிய தகவல் கிடைத்தது. அதைத் தந்த இடங்களில் ஒன்று, தமிழ்நாட்டில் உள்ள ஒரு மலைக் கிராமம். அந்த மலையில் இன்று நிற்கும் பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி தேய்க்கப்பட்டதோ, விவேக் நகரில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்!

ஆம். கோரமங்கலா இரண்டாவது பிளாக்கில், செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலையில் ஒரு கிராமம்

ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் ஊருக்குப் போகாத பெங்களூர்த் தமிழர்கள் குறைவு. ஜோலார்பேட்டையை விட்டு வண்டி வாணியம்பாடிப் பக்கம் போகும்போது, வலதுபுறம் தெரிவது ஏலகிரி மலை. அதற்கும் கிழக்கே இருப்பது ஜவ்வாது மலை. அங்கே, ஆலங்காயத்தைத் தாண்டி, சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர்.

சந்தன மரங்கள் வளரும் அந்தக் காட்டில் இடம் தேடிப் பிடித்தவர் வைணு பாப்பு. இவர் 1927-ம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். தகப்பனார் ஐதராபாத் நிசாமியா வான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1949-ம் ஆண்டு, ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்ததில் பாப்புவுக்குப் பங்கு உண்டு. அந்த வால் நட்சத்திரத்துக்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது.

1960-ம் ஆண்டு அவர் கொடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர் ஆனார். நட்சத்திரங்களைப் பார்க்க வேறு நல்ல இடம் வேண்டும் என்று தேடினார். காவலூர் பூமத்திய ரேகைக்கு அதிக தூரம் இல்லை. அதனால் வடக்கு வானத்தையும் பார்க்கலாம். தெற்கு வானத்தையும் பெரும்பகுதி பார்க்கலாம். அங்கே முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப். அது நம்மவர்களே செய்தது.

பிறகு 1972-ம் ஆண்டு, கிழக்கு ஜெர்மனியில் இருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் வாங்கி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7-ந் தேதி வியாழனின் பெரிய சந்திரனான கனிமீடு, ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காற்றே இல்லாத கோளம் மறைத்தால் நட்சத்திரம் சட்டென்று அணைய வேண்டும். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அங்கே மெல்லிய காற்று இருப்பதற்கு அது அடையாளம். அந்தக் காற்று முதலில் நினைத்ததைவிட மிக மிக மெல்லியது என்று பின்னால் தெரிந்தது.

1977-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி இன்னொரு சம்பவம். யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரம். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் மங்கி மீண்டும் ஒளிர்ந்ததைக் காவலூர்க் கருவி பதிவு செய்தது. அன்று உலகின் வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கும் அப்படியே தெரிந்தது. சனிக்கு இருப்பது போல யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்று அதனால்தான் தெரிய வந்தது!

வாங்குவதா, செய்வதா?

வாங்கிய டெலஸ்கோப் இவ்வளவு செய்தது. அப்படியானால் இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கிவிட்டால் போகிறது என்று சொல்வது சுலபம். பாப்பு அப்படிச் சொல்லவில்லை. அடுத்த பெரிய டெலஸ்கோப்பை இங்கேயே செய்வோம் என்றார்.

வீட்டில் தையல் மெஷின் வாங்குகிறோம். ரிப்பேர் ஆனால் கடைக்காரனைத் தேட வேண்டும். மெஷினையே செய்யத் தெரிந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த மெஷினை இன்னும் நன்றாகவும் செய்வான். பாப்புவின் எண்ணமும் இதுதான்.

புது டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம் என்று முடிவானது. மழை பெய்யும்போது வாசலில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? டெலஸ்கோப் கண்ணாடியும் அண்டாதான். அதில் சேருவது தண்ணீர் அல்ல, வெளிச்சம். இருட்டில் நம் கண்மணி விரிந்து வாங்கும் வெளிச்சத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் அந்தக் கண்ணாடி வாங்கும்!

சூடு, குளிரால் நீளாமல் சுருங்காமல் இருக்கும் விசேஷக் கண்ணாடிக் கட்டி ஜெர்மனியில் இருந்து வந்தது. மூன்று டன்னுக்கும் அதிக எடை. அதைத் தேய்த்து, குழித்து, மெருகேற்றும் வேலை கோரமங்கலாவில், ஏ.பி.ஜெயராஜன் வழிகாட்டுதலில் நடந்தது. கண்ணாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் சுழலும் அமைப்பையும் செய்தது மராட்டிய மாநிலத்து வால்சந்த் நகர் தொழிற்சாலை. சர்க்கரை ஆலை இயந்திரங்கள் செய்து பேர் வாங்கிய தொழிற்சாலை அது!

தேய்த்தால் தேய்த்ததுதான்

இப்படிப்பட்ட கண்ணாடியை எப்படித் தேய்க்கிறார்கள்?

முதலில் கரகரப்பான தூளும் தண்ணீரும் விட்டு அரைத்துப் பள்ளம் எடுக்க வேண்டும். இந்தக் கண்ணாடிக்கு நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் பள்ளம். பிறகு நைசான தூள். அதற்குப் பிறகு கீல் பூசிய தட்டினால் மெருகு. கொஞ்ச நேரம் தேய்த்தால் கண்ணாடி சூடாகும். ஆறும் வரை காத்திருந்து சோதிக்க வேண்டும். சோதித்த பிறகு மறுபடியும் தேய்க்க வேண்டும். இப்படி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போகும்.

எவ்வளவு துல்லியம் தெரியுமா? மேடு பள்ளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்க வேண்டும். பெங்களூரில் இருந்து ஜோலார்பேட்டை வரை ஒரே கண்ணாடியாகப் பரப்பி வைத்தால், எந்த இடத்திலும் ஒரு சென்டிமீட்டர் மேடு கூட இருக்கக் கூடாது. அவ்வளவு துல்லியம்!

லேத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் நன்றாகப் புரியும். மேடு இருந்தால் இன்னும் தேய்க்கலாம். பள்ளம் விழுந்துவிட்டால்? கண்ணாடியைத் திரும்ப ஒட்ட முடியாது. பள்ளத்தின் மட்டத்துக்கு மற்ற இடம் முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு நாள் அவசரம், பல மாத உழைப்பைத் தின்றுவிடும்.

பார்க்காமலே போனார்

பாப்பு அந்த டெலஸ்கோப்பில் வானத்தைப் பார்க்கவே இல்லை. 1982-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் காலமானார். அப்போது வயது 55. உலக வானவியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்த நேரம் அது.

தலைவர் போய்விட்டால் வேலை நின்றுவிடும் என்பது நம் நாட்டில் பல இடங்களில் பார்த்ததுதான். இங்கே நிற்கவில்லை. அடுத்துப் பொறுப்பு ஏற்ற ஜே.சி.பட்டாச்சார்யாவும் அவருடன் இருந்தவர்களும் முடித்துக் காட்டினார்கள். கண்ணாடி கோரமங்கலாவில் இருந்து காவலூருக்கு மலை ஏறியது. 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். டெலஸ்கோப்புக்கும், அந்த வான் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

கண்ணாடி மட்டும் போதாது

பெரிய டெலஸ்கோப்பில் விஞ்ஞானி கண்ணை வைத்துப் பார்ப்பது இல்லை. கண்ணாடி வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைப் பேச வைப்பது அதோடு பொருத்தும் கருவி. கரும்பு எவ்வளவு இருந்தாலும் ஆலை இல்லாமல் சர்க்கரை இல்லை அல்லவா?

இந்தக் கருவிகளில் முக்கியமானது நிறமாலைக் கருவி. வானவில்லில் வெளிச்சம் ஏழு நிறமாகப் பிரிவது போல, நட்சத்திர ஒளியை இது நுட்பமாகப் பிரிக்கும். பிரிந்த நிறங்களுக்கு நடுவே கோடு கோடாகத் தெரியும். இரும்புக்கு ஒரு வகைக் கோடுகள். சோடியத்துக்கு வேறு வகை. நட்சத்திரத்தில் என்ன பொருள் இருக்கிறது, அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை எல்லாம் அந்தக் கோடுகள் சொல்லும்.

இதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சி உண்டு. 1868-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரிலும் மசூலிப்பட்டணத்திலும் விஞ்ஞானிகள் இந்தக் கருவியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது பூமியில் அதுவரை அறியாத ஒரு பொருளின் கோடு என்பது பிறகு தெளிவானது. அதுதான் ஹீலியம். பூமியில் அது அகப்பட்டது 1895-ம் ஆண்டில்தான்!

காவலூர் டெலஸ்கோப்புக்கும் அத்தகைய கருவியைக் கோரமங்கலா நிறுவனத்தினரே உருவாக்கினார்கள். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது வேலைக்கு வந்தது. டெலஸ்கோப் அசையும்போது கருவியும் அசைந்தால் அளவு தப்பும். ஆகவே கருவியைத் தனி அறையில் அசையாமல் வைத்தார்கள். தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை, நட்சத்திர ஒளியை டெலஸ்கோப்பில் இருந்து அந்த அறைக்குக் கொண்டு வருகிறது. கண்ணாடி தேய்த்த காலத்தில் கற்ற பொறுமைக்கு இங்கேயும் வேலை இருந்தது.

ஹொசகோட்டை முதல் ஹவாய் வரை

பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலும் இந்த நிறுவனத்துக்கு ஒரு வளாகம் உண்டு. லடாக்கில், 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே என்ற இடத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. அது 2000-ம் ஆண்டு முதன்முதலாக வானம் பார்த்தது. அங்கே குளிரில் உட்கார வேண்டியது இல்லை. ஹொசகோட்டையில் இருந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பு மூலம் இயக்குகிறார்கள்.

பல நாடுகள் சேர்ந்து 30 மீட்டர் டெலஸ்கோப் கட்டத் திட்டம் போட்டன. 2014-ம் ஆண்டு இந்தியா அதில் முழுப் பங்காளி ஆனது. அவ்வளவு பெரிய ஒரே கண்ணாடியைச் செய்ய முடியாது. ஆகவே 492 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து வைப்பது திட்டம். அதில் ஒரு பகுதியை மெருகேற்றும் பொறுப்பு இந்தியாவுக்கு. அதற்கான பட்டறை ஹொசகோட்டையில்தான்!

அங்கே கையாளும் தந்திரம் ரசிக்கத்தக்கது. கண்ணாடித் துண்டை வேண்டிய அளவுக்கு அழுத்தி வளைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நிலையில் சுலபமான உருண்டை வடிவத்துக்கு மெருகேற்றுகிறார்கள். பிடியை விட்டதும் கண்ணாடி நிமிர்ந்து, தேய்ப்பதற்குக் கடினமான வடிவத்தைத் தானே அடைகிறது!

ஆனால் டெலஸ்கோப் நிறுத்த வேண்டிய இடத்தில் சிக்கல். ஹவாய்த் தீவின் மவுனா கியா மலை அங்குள்ள பூர்வ குடிகளுக்குப் புனிதமானது. 2015-லும் 2019-லும் அவர்கள் வழி மறித்துப் போராடினார்கள். கட்டட வேலை நின்றது. கோவில் மலைக்கு உரிய மரியாதை என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. எந்த மலையில் நின்றாலும், கற்ற கைத்திறன் மட்டும் இங்கேயே இருக்கும்.

வெளிச்சமே எதிரி!

காவலூருக்கும் ஒரு கவலை உண்டு. அடிவாரத்து ஊர்கள் வளர்கின்றன. வீதி விளக்கும் விளம்பர விளக்கும் பெருகுகின்றன. விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேல்நோக்கி வீணாகப் போகும் வெளிச்சம் யாருக்கும் உதவாது. கோடி கோடி மைல் கடந்து வந்த நட்சத்திர ஒளியை அது கடைசி நொடியில் மூழ்கடித்து விடுகிறது. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு விஷயம், பெற்றோருக்கு. வான ஆராய்ச்சி என்றால் பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் செய்வது என்று எண்ண வேண்டாம். கணக்குப் போட விஞ்ஞானி வேண்டும். கணக்கைக் கண்ணாடியிலும் இரும்பிலும் கொண்டு வர ஃபிட்டர் வேண்டும்; டர்னர் வேண்டும்; எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் வேண்டும். ஐ.டி.ஐ.யில் படிக்கும் பையனிடம், “பத்தில் ஒரு மில்லி பிசகினால் என்ன?” என்று யாராவது கேட்டால், கோரமங்கலாக் கண்ணாடியின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த முறை இரவு வண்டியில் ஊருக்குப் போகும்போது, ஜோலார்பேட்டை தாண்டியதும் வலதுபுற ஜன்னல் வழியாக ஒரு தடவை பாருங்கள். இருட்டில் மலை தெரியாமல் போகலாம். மேகம் இல்லாத ராத்திரியாக இருந்தால், அந்த மலைக்கு அப்பால் விவேக் நகருக்குப் பக்கத்தில் இருந்து போன ஒரு கண்ணாடி, கண் விழித்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.