தொடர் நாயகன் யார்?

பொங்கலை ஒட்டி டெல்டா ஊர்களில் நடக்கும் கபடித் தொடர்களில் இறுதி ஆட்டம் முடிய விடிந்துவிடும். கோப்பையைக் கொடுத்த பிறகுதான் அடுத்த சண்டை ஆரம்பம்: தொடர் நாயகன் யார்? "கமிட்டி முடிவே இறுதியானது" என்று மைக்கில் மூன்றாவது தடவையாகச் சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும். பெரும்பாலும் ரைடருக்குத்தான் போகும். ஸ்கோர் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடுகள் அதிகம். கார்னரில் நின்று கணுக்காலை அமுக்கியவருக்கு ஒரு பிடிக்கு ஒரு கோடு. அவருக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் திரும்பிய ரைடுகளை எந்த நோட்டு எழுதும்?

கூடைப்பந்திலும் இதே வழக்குதான். அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதித் தொடருக்குச் சிறந்த வீரர் விருது 1969-இல் வந்தது. முதல் விருதைப் பெற்ற ஜெர்ரி வெஸ்ட், தோற்ற அணிக்காரர்! ஏழாவது ஆட்டத்தில் அவர் 42 புள்ளிகள் எடுத்தும் அவருடைய லேக்கர்ஸ் அணி 106–108 என்று பாஸ்டனிடம் விழுந்தது. பரிசாக வந்த காரும் பச்சை, பாஸ்டனின் நிறம். எரிகிற நெருப்பில் எண்ணெய்! தோற்ற அணியிலிருந்து இன்றுவரை வேறு யாருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை.

எதிரணியில் பில் ரஸ்ஸல். தடுப்பதில் மன்னன்; 13 ஆண்டுகளில் 11 பட்டம். ஒருமுறைகூட இந்த விருது இல்லை; அது வந்த வருடமே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 2009-இல் விருதுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

2015 இறுதித் தொடரில் லெப்ரான் ஜேம்ஸ் சராசரியாக 35.8 புள்ளிகள் எடுத்தும் தோற்றார். விருதுக்கான வாக்கெடுப்பில், அவரை மறித்து ஆடிய எதிரணி வீரர் இகுவடாலாவுக்கு 7 ஓட்டு, லெப்ரானுக்கு 4. இகுவடாலாவின் சராசரி 16.3தான். என்னைக் கேட்டால், சரியான தீர்ப்பு. ஆனால் 1969-இல் நான் நடுவராக இருந்திருந்தால் வெஸ்டுக்குத்தான் கொடுத்திருப்பேன். முரண்தான், இருக்கட்டும்.

கபடிக்கே திரும்புவோம். மன்னார்குடிப் பக்கம் வடுவூரில் கபடி தெரியாத வீடு அரிது. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்ப் பையன்தான். இப்படிப்பட்ட ஊர்களின் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு நோட்டை மூடிவிட்டு, தோற்ற அணியின் கேப்டனைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்: "தம்பி, யாரைப் பார்த்துப் பயந்தீங்க?"