பணியிடத்தில் கற்றது பட்டத்தில் சேருமா?

பட்டறையிலும் தறிக்கூடத்திலும் மருத்துவமனை வார்டிலும் பல்லாண்டு உழைத்துத் தேர்ந்தவரின் திறனை முறைப்படி மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு முன்கற்றல் அங்கீகாரம் எனப்படுகிறது. பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தின்கீழ் தொழில்திறன் சான்றிதழ் அளவில் நடந்துவந்த இம்முறைக்கு, 2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு உயர்கல்வியிலும் இடம் வகுத்துள்ளது. கிரெடிட் என்பது கற்றலை அளக்கும் அலகு. 30 மணிநேரக் கற்றல் ஒரு கிரெடிட்டாகவும், ஓராண்டுக்குரிய 1200 மணிநேரம் 40 கிரெடிட்டாகவும் கொள்ளப்படுகின்றன. இவை, 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி அமைந்த கிரெடிட் வங்கியில், கற்பவரின் பெயரிலுள்ள கணக்கில் சேர்ந்து, பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை செல்லுபடியாகின்றன.

ஆயினும், வேலை பார்த்த ஆண்டுகள் தாமாகவே கிரெடிட் ஆவதில்லை. கட்டமைப்பு அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பு அளித்தாலும், உரிய மதிப்பீட்டில் தேறிய பின்னரே எந்தக் கிரெடிட்டும் கணக்கில் ஏறும் என்பதால், தேர்வே இல்லாமல் அனுபவத்துக்கு முழுப் பட்டம் தருவதாகக் கூறும் தரகர்கள் விற்பது போலிச் சான்றிதழேயன்றி வேறில்லை. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே பட்டம் வழங்கும் உரிமையைத் தருகிறது. இதை மீறுவோருக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 1000 ரூபாயைத் தாண்டாது. ஏமாந்தவரின் பணத்துக்கும் காலத்துக்கும் முன் இது மிகச் சொற்பமாதலால், காவல்துறையில் மோசடிப் புகார் அளிப்பதே பயன் தரும்.

உண்மையான பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரும் கவனமாயிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கணக்கிலுள்ள கிரெடிட்டில் எவ்வளவை ஏற்பது என்பதைச் சேர்க்கும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. அது தரும் பட்டத்தை வேலைக்கு எடுப்போர் ஏற்பார்களா என்பது வேறொரு கேள்வி. இளநிலைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் பணி நியமனத்துக்குச் செல்லாது என, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழக அரசும் அவ்வாண்டே ஆணையிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பிப் படித்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். இருந்தும் இழப்பு முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

ஆதலால், எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், எந்தெந்தப் பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்கும், மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்பவற்றைப் பணம் கட்டுமுன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். அரசுப் பல்கலைக்கழகம் பதிலளிக்காவிடில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 30 நாளில் பதில் கோரலாம். சேர்க்கைக்குப் பின் எழும் சிக்கல்களை, மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலில் நிறுவனத்தின் மாணவர் குறைதீர் குழுவிடம் முறையிடலாம். அதன் முடிவில் நிறைவு இல்லையெனில் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தொடர விரும்பாத படிப்புக்குக் கட்டணம் வசூலிப்பதற்காக அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுப்பதும் இவ்விதிகளின்கீழ் முறையிடத்தக்க குறையே.