கோடை ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் இளங்கலை மாணாக்கர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜூன் திங்கள் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. அப்போது வகுப்பறைகள் ஓய்ந்து கிடக்கும், ஆய்வுக்கூடங்களோ ஓய்வதில்லை. கற்பிக்கும் சுமை குறைந்த பேராசிரியர்கள் தம் ஆராய்ச்சியில் முழுமூச்சாக ஈடுபடும் காலம் அதுவேயாகும். அக்காலத்தில், பட்டம் பெறாத இளம் மாணாக்கரையும் உடன் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியுள்ளது. அவ்விடத்தைப் பெறுவதற்கு உயர்ந்த மதிப்பெண் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறே அதனை உணர்த்தும். எடுத்தவுடன் படம் தரும் புகைப்படக் கருவியை உருவாக்கிய எட்வின் லேண்ட், 1957-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கல்லூரியில் கால் வைத்த மாணவனுக்கே சொந்த ஆராய்ச்சி ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. 1969-ஆம் ஆண்டில் மார்கரெட் மக்விக்கர் என்னும் பௌதிக அறிஞர் அக்கழகத்தில் அதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1979-இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகம் பத்து வாரக் கோடைத் திட்டத்தை ஏற்படுத்தியது. 1987-இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனம் நாடளாவிய திட்டத்தைத் தோற்றுவித்தது. ஆராய்ச்சி வசதி குறைந்த சிறு கல்லூரிகளின் மாணாக்கருக்கும் வழி திறத்தல் இத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

இதில் மாணாக்கர் நிறுவனத்திற்கு விண்ணப்பிப்பதில்லை. ஆராய்ச்சி நடைபெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் தனித்தனியே எழுதுகின்றனர். ஓரிடத்திற்குப் பத்துப் பேர் அளவிலேயே சேர்க்கப்படுவர். அவர்க்கு உதவித்தொகை உண்டு. அமெரிக்கக் குடிமக்களும் அங்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றோருமே இவ்வுதவிக்கு உரியவர். ஆதலால் இங்கிருந்து அங்குச் சென்று பயிலும் மாணாக்கர், தாம் நாடும் திட்டத்தின் விதிகளை முதலில் படித்தறிதல் வேண்டும்.

விண்ணப்பத்தில் பொதுவாக மூன்று கூறுகள் உண்டு: மதிப்பெண் பட்டியல், மாணவர் எழுதும் விளக்கம், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். விளக்கத்தில், "விஞ்ஞானத்தில் எனக்குத் தணியாத ஆர்வம் உண்டு" என்று எழுதுவதால் பயன் விளையாது. எவரும் அவ்வாறு எழுதலாம். எந்தக் கேள்வி தம்மை ஈர்த்தது, அதற்கு விடை காண இதுவரை செய்தது யாது, அந்தக் கூடத்தில் நடைபெறும் ஆராய்ச்சி அதனோடு எவ்வாறு தொடர்புடையது ஆகிய மூன்றையும் தெளிவாகக் கூறின் போதும். தெரியாததைத் தெரியாதென ஒப்புதல் இழுக்கன்று. கற்றுக்கொள்ள வருபவருக்கே அவ்விடம் உரியது.

பரிந்துரைக் கடிதமே பலர் இடறும் இடம். "இவர் வகுப்பில் முதல்வர், நல்லொழுக்கம் உடையவர்" என்னும் கடிதம் மதிப்பெண் பட்டியல் கூறாத எதனையும் பெரிதாகக் கூறுவதில்லை. "சோதனை பிழைத்தபோது இவர் விடையை மாற்றி எழுதவில்லை, இரண்டு நாள் முயன்று பிழையைக் கண்டுபிடித்தார்" என்னும் கடிதமோ ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்துகிறது. ஆயின், கண்ட ஆசிரியர்தாமே அதனை எழுத இயலும்? கடைசி இருக்கையில் அமர்ந்து, வாய் திறவாது, தேர்வில் மட்டும் வெற்றி பெறும் மாணவரைப் பற்றி அவர் எதை எழுதுவார்?

பல இடங்களில் விண்ணப்ப நாள் சனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஆனால் விண்ணப்பத்தின் உண்மையான தொடக்கம், மாணவர் முதன்முதல் ஐயம் கேட்க ஆசிரியரின் அறையை நாடிய நாளேயாகும். அப்பழக்கம் கல்லூரியில் திடீரென முளைப்பதன்று. தொடக்கப் பள்ளியில் கேள்வி கேட்ட பிள்ளையை, "பேசாமல் உட்கார்" என்று அடக்கிவிட்டால், பின்னாளில் அவன் கையிலுள்ள கடிதம் வெறுங்கடிதமாகவே இருக்கும்.