இடதுகாலுக்கு வேலை போனபின்

வைகாசி விசாகத்துக்கு உவரி சுயம்புலிங்க சாமி கோயிலுக்குக் காரில் போனவர்களுக்குத் தெரியும்: கடற்கரையை நெருங்கும் கடைசித் துண்டு ரோட்டில் வண்டி ஓடாது, நகரும். பெட்டியில் கடல்மண் சுமந்து போகும் கூட்டத்துக்கு நடுவே பத்தடி போவது, நிற்பது, மறுபடி பத்தடி. இப்படி நகரும்போது சில கார்களிலிருந்து கருகல் நெடி கிளம்பும். உள்ளே இருப்பவர் ஏசியை அணைப்பார், கண்ணாடியை இறக்குவார், பக்கத்து வண்டியைச் சந்தேகமாகப் பார்ப்பார். அது அவர் வண்டியின் கிளட்ச்தான். ஆனால் கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில் அவருக்கு எப்படித் தோன்றும்?

அம்பாசடர் காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பிபோல நீட்டிக்கொண்டிருக்கும் கியர் அது. புஷ் தேய்ந்துவிட்டால் இரண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அசையாது. டிரைவர் இறங்கி பானெட்டைத் திறப்பார். ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் லீவர்களைக் கையால் தட்டி நேராக்குவார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிடுவார். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நிற்பதற்குள் போட்டால் பல் கடிக்கும், பின்சீட்டில் இருக்கிற ஆச்சிக்கும் கேட்கும். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பிளேட் எந்த அளவில் பிடிக்கிறது என்பதை டிரைவரின் இடதுகால் நாள்தோறும் அளந்துகொண்டிருந்தது. பெடல் மேலே ஏறி வந்து பிடித்தால் பிளேட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. மெக்கானிக்கிடம் வண்டி வரும்போதே பாதி நோயைக் கால் கண்டுபிடித்திருக்கும்.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ ஏஎம்டி கியரோடு வந்தது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. நம் ஊரிலும் பணக்காரக் கார்களில் அது முன்பே இருந்ததுதான். ஆனால் சின்ன காரில், வங்கிக் கடனில் வாங்குகிற குடும்பத்துக்குப் பரவலாகக் கிடைத்தது செலேரியோவுக்குப் பிறகு.

ஏஎம்டி என்பது வேறொன்றுமில்லை, அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். காலும் கையும் செய்த வேலையை, ஒரு கம்ப்யூட்டரின் சொல்படி, பல கார்களில் எண்ணெய் அழுத்தம் செய்கிறது. இந்த வகைக் கார்கள் சிலவற்றில் டிரைவர் கதவைத் திறந்ததும் ‘விர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம். வண்டி சும்மா நிற்கும்போதும் அது திரும்பத் திரும்பக் கேட்டால் எங்கோ அழுத்தம் இறங்குகிறது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர் பிளேட்டைத்தான் எரிக்கிறார். விசாக நெடியின் மூலமும் பிளேட் எரிவதுதான். புது பிளேட் மாட்டியதோடு வேலை முடியாது. அது எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் வண்டி உதறும், பழி கியர்பாக்ஸ்மேல் விழும்.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த கார்களின் கதை வேறு. அங்கே எண்ணெய்தான் எல்லாம்: அழுத்தம் கொடுப்பதும் அது, குளிர்விப்பதும் அது. புதிதாக இருக்கையில் பெரும்பாலும் சிவப்பு. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்கின்றன. கியரை ‘டி’யில் போட்டபின் சற்றுத் தாமதித்து இழுத்தாலோ, கியர் மாறும்போது இன்ஜின் மட்டும் எகிறினாலோ, முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பல புது மாடல்களில் அளவுக் கம்பியே கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் எண்ணெய் இருக்கும்போது, அடியில் பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

இன்று எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஸ்கேனர் வருகிறது. விலை மலிந்த ஸ்கேனர் பி0700 என்ற கோளாறு எண்ணைக் காட்டும். பலர் இதையே நோயின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கியர் கம்ப்யூட்டர் இன்ஜின் கம்ப்யூட்டரிடம், “எனக்குள் ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, என்னைக் கேள்” என்று சொன்ன தகவல் மட்டுமே அது. கியர் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கத் தெரிந்த கருவி இருந்தால்தான் அசல் எண் கிடைக்கும். கிடைத்தாலும் எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்றுதான் அது சொல்லும். சொலினாய்டு வால்வா, ஒயரா, எண்ணெயா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்த கையோடு கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கடற்கரை ஊர் வண்டியென்றால் பேட்டரியிலும் எர்த் ஒயரிலும் ஆரம்பிப்பதுதான் புத்தி. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்து, வோல்டேஜ் இறங்கினால் கியர் தடுமாறும். அரிப்பைச் சுரண்டி முறுக்கினாலே சரியாகிற வண்டிகள் உண்டு. அப்புறம் கேள்விகள். “அண்ணாச்சி, வண்டி சூடான பொறவு இழுக்க மாட்டேங்குதா, காலையில எடுத்த ஒடனேயா? மேட்டுலயா, சமதரையிலயா?” இந்தக் கேள்விகள் அம்பாசடர் காலத்தவைதான். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. “ஒரு மாதிரி உதறுது” என்பதைத் தாண்டி இன்றைய டிரைவரிடம் சொல்ல ஒன்றுமிருக்காது. கூடவே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக் அந்த இடதுகாலின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்.

வழியில் நின்றுவிட்டால் மாற்றம் இன்னும் உறைக்கும். பேட்டரி இறங்கிய அம்பாசடரை நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது. இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால்தான் கியர் பிடிக்கும். கயிறு கட்டி இழுத்துப் போவதும் ஆபத்து. எண்ணெய் ஓடாமல் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். ரெக்கவரி வண்டிக்காரர் வந்ததும், நியூட்ரலில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல், முன்சக்கரத்தில் இழுக்கிற காராக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.