நெஞ்சு படபடக்கிறதா? கோப்பிக் கணக்கைப் பாருங்கள்!

விடியற்காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு குவளை கோப்பி ஓ. பத்து மணிக்கு வேலையிடத்தில் இன்னொன்று. மாலையில் கோப்பிக்கடையில் மற்றொன்று. இரவு வேலையென்றால், தூக்கத்தை விரட்ட மேலும் இரண்டு. நம்மில் பலருக்கு இதுதான் வழக்கம். பிறகு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வயிறு எரிகிறது. "இருதய நோய் வந்துவிட்டதோ?" என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

காரணம் சில வேளைகளில் அந்தக் குவளையிலேயே இருக்கும்.

மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேர நமக்கு அசதி வருகிறது. கோப்பியிலுள்ள கஃபீன் அதன் வேலையைத் தடுக்கிறது. களைப்பு நீங்குவதில்லை, மறைந்து நிற்கிறது, அவ்வளவே. கூடவே அட்ரினலின் சுரப்பும் கூடும். பயந்தவர் உடம்பிலும் இதே மாற்றம்தான் நடக்கிறது. ஆகவே, இயல்பிலேயே கவலைப்படுகிறவர்கள் மேலும் கலங்குகிறார்கள்.

குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரமாகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுவோருக்கும் இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இனி வயிற்றைப் பார்ப்போம். கோப்பி இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. சிலருக்கு அந்த அமிலம் உணவுக்குழாயில் மேலேறி, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டாகும். கோப்பி பெருங்குடலையும் தூண்டுவதால்தான் சிலர் குடித்தவுடன் கழிவறைக்கு ஓடுகிறார்கள். கஃபீன் நீக்கிய கோப்பியும் அமிலத்தைத் தூண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்? ஒரு வாரத்திற்கு, எத்தனை குவளை, எத்தனை மணிக்கு, படபடப்பு எப்போது என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். தேநீரையும் கோலா பானங்களையும் கணக்கில் சேருங்கள். நாளொன்றுக்குப் பெரியவர்கள் 400 மில்லிகிராம், கர்ப்பிணிகள் 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டாதிருப்பது நல்லது. ரொபஸ்டா கொட்டையில் அராபிக்காவைவிட ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு. அதில் போட்ட கெட்டிக் கோப்பியென்றால் இரண்டு, மூன்று குவளையோடு நிறுத்துங்கள்.

பசியாறிய பிறகே குடியுங்கள். பிற்பகலுக்குமேல் தவிர்த்துவிடுங்கள். இரவு வேலை செய்வோர் வேலை தொடங்கும்போது மட்டும் குடிக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும். சில நாளுக்கு ஒரு குவளையாகக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம், கறுத்த மலம் இவற்றில் எது கண்டாலும் கோப்பிமேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குறைத்த பின்னும் மனக்கலக்கம் தீரவில்லையென்றால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை குவளை குடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.