புகையிலைக் காளான்: கை பிடுங்கியதும் மரபணு தடுத்ததும்

வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைத் தோட்டத்தில் செடியின் காலடியில் இலையே இல்லாத முளைகள் கொத்தாகக் கிளம்பும். மங்கிய மஞ்சள் தண்டு, மேலே ஊதாப் பூ. பச்சையம் துளியும் கிடையாது. சாப்பாடு முழுக்கப் புகையிலை வேரிலிருந்துதான். இதுதான் புகையிலைக் காளான். ஒரு செடி லட்சத்துக்கு மேல் விதை கொட்டும். தூசி மாதிரியான அந்த விதை மண்ணுக்குள் பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஏற்ற வேர் ஒன்று பக்கத்தில் வந்து ரசாயனம் கசிந்தால்தான் முளைக்கும்.

அன்று இதற்கு ஒரே வைத்தியம் கைதான். பூத்ததைப் பிடுங்கி வரப்பில் போட்டாலும் விதை முற்றிவிடும் என்பதால் எரித்தார்கள்.

இதன் நெருங்கிய சொந்தம் ரஷ்யாவில் சூரியகாந்தியைப் பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரதோவில் தாக்குப்பிடித்த செடிகளைத் தேர்ந்தெடுத்து ரகம் உருவாக்கினார்கள். பின்னாலேயே அந்த ரகத்தையும் தின்னும் புது வகைக் களை கிளம்பியது. 1980இல் ருமேனியாவின் வ்ரன்சியானுவும் சகாக்களும் களையில் ஐந்து வகை, அவற்றைத் தடுக்கச் சூரியகாந்தியில் ஐந்து மரபணு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1990களில் ஸ்பெயினில் ஐந்தாவது மரபணுவையும் மீறிய ஆறாவது வகை பரவியது.

இன்று மரபணுவின் வேலையே தெரிகிறது. 2019இல் சூரியகாந்தியில் அடையாளம் கண்ட ஓஆர்7 மரபணு, வேரில் களையை உணரும் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. அது முழுதாக இருக்கும் செடியில், களை வேரின் சாறுக்குழாயை எட்டுவதற்கு முன்பே தடைபடுகிறது. எளிதில் தாக்கப்படும் செடியில் அதே புரதம் குறைபட்டே உருவாகிறது.

புகையிலைக்காரருக்கு இப்படியொரு ரகம் கைக்கு வரவில்லை. முளையின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கருக்குகிறார்கள். எள், பச்சைப்பயறு போன்றவற்றைப் பொறிப்பயிராக விதைத்தால், அவற்றின் வேர்க்கசிவில் ஏமாந்து முளைக்கும் காளான் பற்ற வழியின்றிச் சாகும்.

ஆனால் சூரியகாந்திக்காரரும் நிம்மதியாக உட்கார முடியாது. மரபணுவை ஏமாற்றிய ஒரே களைச்செடி விதை கொட்டினாலும் அடுத்த லட்சம் அந்தப் புது வகையாகவே வரும். ஆகவே எதிர்ப்பு ரகம் இருக்கிற வயலிலும், இல்லாத வயலிலும் மாறாத வேலை ஒன்று: தப்பி முளைத்ததைப் பூப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும்.